கடைமடைக்கு வந்த காப்பீட்டுச் சட்டம்

1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தில் 6ஆம் பிரிவை இன்றைக்குப் புரட்டினாலும் ஒரு விசித்திரமான தேதி கண்ணில் படும். மனைவி மக்களுக்கென்று கணவன் ஆயுள் காப்பீடு எடுத்தால், அந்தப் பணம் அவர்களுக்கே சேர வேண்டும். கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது, அது அவனுடைய சொத்துக் கணக்கிலும் சேராது என்பது அந்தப் பிரிவின் சாரம். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் சமணர்களுக்கும் இது எப்போதிலிருந்து பொருந்தும்? சென்னையில் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கு. மற்ற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்தவற்றுக்கு.

சென்னைக்கு மட்டும் பத்தாண்டுகள் முன்கூட்டியே கிடைத்ததற்குக் காரணம் உயர் நீதிமன்றம். அந்தப் பிரிவு இந்துக்களுக்கும் உண்டா இல்லையா என்று நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, பாலாம்பா எதிர் கிருஷ்ணய்யா வழக்கில் சென்னை நீதிபதிகள் ‘உண்டு’ என்றார்கள். அந்தத் தீர்ப்பை நம்பிச் சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்ட பாலிசிகள் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக, 1923இல் சட்டத்தைத் திருத்தியவர்கள் பழைய தேதியையே எழுதிவைத்தார்கள்.

ஆனால் ‘சென்னை’ என்றால் எது வரை? இந்தக் கேள்விக்கு இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விடைகள் இருந்தன. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் அப்போது தஞ்சாவூர் மாவட்டம்; அதாவது நேரடி பிரிட்டிஷ் ஆட்சி. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் ஆகிய மூன்று தாலுகாக்களும் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம். அம்மன் காசு என்று சொந்த நாணயமே அடித்த ஊர் அது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. சமஸ்தானம் தனியே ஏற்று இயற்றினால்தான் உண்டு. அறந்தாங்கியில் ஒரு விதவைக்கு 1914இல் கிடைத்த பாதுகாப்பு, சில மைல் தள்ளி ஆலங்குடியில் இருந்தவளுக்கு அதே சட்டத்தின் பெயரால் கிடைக்க வழியில்லை.

அந்தச் சமஸ்தானத்தில்தான் 1886 ஜூலை 30 அன்று முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வர், தாய் சந்திரம்மாள். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஊரில் எதிர்ப்பு எழ, மன்னரின் அனுமதியால் இடம் கிடைத்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். பிறந்த ஊரில் செல்லாத சட்டங்களை வேறோர் ஊரில் உட்கார்ந்து இயற்றிய பெண் அவர். காப்பீடு அவருடைய துறை அல்ல. ஆனால் சட்டம் எழுதும் மேசையில் பெண் அமர்ந்தால் எது மாறும் என்று தமிழ்நாடு முதலில் கண்டது அவரிடம்தான். தேவதாசி முறை ஒழிப்புக்கும் பெண்களின் திருமண வயதுக்கும் அவர் நடத்திய போராட்டங்களை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை.

முத்துலட்சுமி பட்டம் பெற்ற அதே 1912இல் காப்பீட்டுக்கென்று இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கானது. மற்றொன்று சேமநலக் காப்பீட்டுச் சங்கங்களுக்கானது. இந்த இரண்டாவது வகைச் சங்கங்கள் அன்று பல நகரங்களில் முளைத்திருந்தன. சாவுக்கு மட்டுமல்ல, பிள்ளை பிறந்தால் இவ்வளவு, கல்யாணம் நடந்தால் இவ்வளவு என்று பணம் தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கின. சேர்ந்த தொகையை அந்த ஆண்டு உரிமை கோரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது சில சங்கங்களின் வழக்கம். சேருபவர்கள் கூடிக்கொண்டே போகும் வரை கணக்கு சரியாக வரும். சேர்க்கை நின்றதும் சங்கம் படுத்துவிடும். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை என்ற வேலையே இப்படிப்பட்ட கணக்கைத் தட்டிக் கேட்பதற்காக உண்டானதுதான்.

1938இல் முழுமையான காப்பீட்டுச் சட்டம் வந்தது. மறு ஆண்டு ஜூலை முதல் நடைமுறை. காப்பீட்டுக் கண்காணிப்பாளர் என்றொரு அதிகாரி நியமிக்கப்பட்டார். நிறுவனங்கள் வைப்புத்தொகை கட்ட வேண்டும், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சட்டம் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனாலும் 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்வதாக அறிவித்தபோது நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக் சொன்ன காரணங்களில் ஒன்று, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மட்டும் 25 நிறுவனங்கள் திவாலாகியிருந்தன என்பது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அதில் கரைந்தது. அதை வளர்த்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் திட்டமிட்ட மவுண்ட் ரோடு மாளிகை 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறந்தது. செட்டியார் அதைப் பார்க்கவில்லை. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்.

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 1974 ஜனவரி 14 அன்று தஞ்சையிலிருந்து பிரிந்த அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு தனி மாவட்டமானது. சட்டம் இப்போது மாவட்டம் முழுக்க ஒன்றுதான். ஆனால் சட்டம் வந்தாலும் ஏஜென்ட் வர வேண்டுமே.

அதுவரை கிழக்குப் பக்கத்துக் கிராமங்கள் சும்மா இருக்கவில்லை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்திலும் ஒட்டியுள்ள பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து பேர் பெற்றது. பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, ஒருவர் தன் பெயரில் விருந்து வைப்பார். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு என்பது நோட்டில் பதிவாகும். அடுத்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் போட்டு எழுத வேண்டும். பாக்கி வைத்தவர் பெயர் ஊரில் கெட்டுப்போகும். கிணறு வெட்ட, பெண்ணைக் கட்டிக்கொடுக்க, கடை வைக்க என்று மொத்தமாகப் பணம் புரட்ட இதைவிட லேசான வழி அங்கே இல்லை. பணம் எண்ணும் இயந்திரம், கணினி ரசீது வரை பின்னாளில் வந்துவிட்டது. கட்டுப்பாட்டு ஆணையமும் இல்லை, தணிக்கையாளரும் இல்லை. நோட்டும் ஊர் வாயும்தான் விதி. ஆனால் 1912ஆம் ஆண்டுச் சங்கங்களுக்கு இருந்த பலவீனம் இதற்கும் உண்டு. ஊரே ஒரே நாளில் அடிபட்டால் யார் யாருக்கு மொய் எழுதுவது? அந்தக் கேள்விக்கான விடை 2018 வரை காத்திருந்தது.

எல்.ஐ.சி. காலத்தில் பெண்ணைக் காப்பீடு எப்படிப் பார்த்தது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். பெண் விண்ணப்பதாரர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர். வாடகை, வட்டி போன்ற வருமானம் உள்ளவர். எந்த வருமானமும் இல்லாதவர். கடைசி வகைக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். அவர்களுடைய பாலிசியில் ‘4பி’ என்றொரு நிபந்தனை ஒட்டப்பட்டது. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுக்குள் தற்கொலையாலோ, பொது இடம் அல்லாத இடத்தில் நடந்த விபத்தாலோ, கொலையாலோ இறந்தால் காப்பீட்டுத் தொகை கிடையாது; கட்டிய பிரீமியம் வட்டியில்லாமல் திரும்பும், அவ்வளவுதான். பேருந்து மோதினால் பணம் உண்டு. அடுப்படியில் சேலையில் தீப்பிடித்தால் இல்லை. வரதட்சணைக்காகப் பெண்ணைக் கொளுத்திவிட்டுக் காப்பீட்டுப் பணமும் வாங்குவார்கள் என்ற பயம் அந்த விதியின் பின்னால் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் குற்றவாளியைத் தடுக்க எழுதிய விதி, உண்மையிலேயே அடுப்பில் வெந்து செத்தவளின் பிள்ளைகளையும் சேர்த்துத் தண்டித்தது. விதி எழுதும் மேசையில் வீட்டு விபத்து எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நிறுவனத்துக்குள்ளேயே வேலைக்கு வந்த பெண்களுக்கு வேறொரு விதி. பணியில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி, கருத்தரிப்புகள், கருச்சிதைவுகள் பற்றிய கேள்விகள் இருந்தன. நீரா மாத்தூர் என்ற தகுதிகாண் பணியாளர் மகப்பேறு விடுப்பில் போய் வந்ததும், படிவத்தில் தவறான தகவல் தந்தார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அப்படிப்பட்ட கேள்விகள் பெண்ணின் மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் இழுக்கு, அவற்றை நீக்குங்கள் என்றும் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு வழக்கில், குறைந்த பிரீமியம் உள்ள ஒரு பாலிசியை அரசு வேலையிலோ பெயர் பெற்ற நிறுவனத்திலோ சம்பளம் வாங்குபவர்களுக்கு மட்டும் என்று எல்.ஐ.சி. ஒதுக்கியிருந்ததையும் நீதிமன்றம் செல்லாது என்றது. விவசாயக் கூலியும் கல் உடைப்பவரும் நிறைந்த புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கு அந்தத் தீர்ப்பின் பொருள் பெரிது.

தற்செயலாக, நீரா மாத்தூர் தீர்ப்பு வந்த அதே 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சூடு பிடித்திருந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரிக் கூலிகள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். கையெழுத்துப் போடவும், கணக்கு எழுதவும், பக்கத்து ஊருக்குத் தனியாகப் போய் வரவும் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. காப்பீட்டை வீடு வீடாகக் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

ஆனால் விதி அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. 1993இல் காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்கான மல்ஹோத்ரா குழு, 1999இல் சட்டம், 2000 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம். ஏஜென்ட் ஆக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பு, சிற்றூர் என்றால் பத்தாம் வகுப்பு என்று ஆணையம் வரையறுத்தது. அறிவொளியில் எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு அது எட்டாத படி. 2005இல் நுண் காப்பீட்டு விதிகள் வந்தபோது கதவு திறந்தது. தொண்டு நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் நுண் காப்பீட்டு முகவராகலாம். அவர்களுக்குக் குறைந்தது 25 மணி நேரப் பயிற்சி, அதுவும் வட்டார மொழியில், காப்பீட்டு நிறுவனத்தின் செலவில் தர வேண்டும் என்று விதியிலேயே எழுதப்பட்டது. ஆணையம் ஹைதராபாத்தில் எழுதிய வரி ஒன்று ஆலங்குடித் தாய்மார்களின் மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஒழுங்குமுறை வேலை என்றால் என்ன என்பது வெளியே அதிகம் தெரியாது. புதிய பாலிசியின் வாசகத்தைச் சரிபார்ப்பது, நிறுவனத்தின் கையிருப்பு அது ஏற்றிருக்கும் பொறுப்புக்குப் போதுமா என்று பார்ப்பது, இழப்பீட்டை இழுத்தடித்தால் அபராதம் விதிப்பது எல்லாம் ஆணையத்தின் பக்கம். நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு இந்த விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பவர் கம்ப்ளையன்ஸ் அதிகாரி; விற்பனைப் பிரிவின் அவசரத்துக்குக் குறுக்கே நிற்பது அவருடைய சம்பளத்தில் சேர்ந்தது. நீண்ட காலம் ஆண்களின் உலகமாக இருந்த இந்த மேல்தட்டில் 2010களில் பெண்கள் வந்தார்கள். 2013இல் உஷா சாங்வான் எல்.ஐ.சி.யின் முதல் பெண் நிர்வாக இயக்குநர் ஆனார். 2016இல் ஆலிஸ் வைத்யன் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி.யின் தலைமைக்கு வந்த முதல் பெண். ஆணையத்தில் கணக்கீட்டியல் உறுப்பினராக பூர்ணிமா குப்தே இருந்தார்.

புதுக்கோட்டை விவசாயிக்கு நேரடித் தொடர்புள்ள பெயர் டி.எல். அலமேலு. பொதுத்துறையின் வேளாண் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் இருந்தவர், 2010களின் கடைசியில் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுக் காப்பீட்டு உறுப்பினர் ஆனார். விதிக்குக் கட்டுப்பட்ட நாற்காலியிலிருந்து விதி எழுதும் நாற்காலிக்கு மாறிய பயணம் அது. பயிர்க் காப்பீட்டின் உள்வயணம் தெரிந்தவர் ஒழுங்குமுறையில் இருப்பது எதற்கு முக்கியம் என்றால், அதன் சிக்கல் முழுவதும் நுணுக்கத்தில்தான் இருக்கிறது.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காரிப் பருவத்துக்கு 2 விழுக்காடு, ராபிக்கு ஒன்றரை, பணப்பயிருக்கு 5. மீதியை மத்திய மாநில அரசுகள் கட்டுகின்றன. பெரும்பாலும் இழப்பைக் கணக்கிடுவது ஒருவருடைய வயலை வைத்து அல்ல, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலை வைத்து. கல்லணைக் கால்வாய் மும்பாலை ஏரியில் போய் முடிகிறது. தலைப்பில் திறந்த தண்ணீர் அங்கே எட்டுவதற்குள் நெல் காய்ந்துவிடுவதுபோல், தில்லியில் தொடங்கும் திட்டமும் கடைமடை விவசாயிக்கு வந்து சேரும்போது பாதி ஆவியாகியிருக்கும்: சிட்டா, அடங்கல், கடைசித் தேதி, பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒவ்வொரு மதகிலும் கொஞ்சம் கசியும். ஒருவன் வயல் முழுக்கச் சாவியாகி, ஊர்ச் சராசரி தப்பித்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் வராது.

தென்னைக்குத் தனித் திட்டம். தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தியதில், நான்கு முதல் பதினைந்து வயது மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 9 ரூபாய், இழப்பீடு 900. அதற்கு மேல் அறுபது வயது வரை 14 ரூபாய், இழப்பீடு 1,750. இதிலும் முக்கால் பங்கை மத்திய மாநில அரசுகள் கட்டும். விவசாயியின் பங்கு கால்வாசிதான். இவ்வளவு மலிவான பாதுகாப்பு இருந்தும் எடுத்தவர்கள் சொற்பம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்து புதுக்கோட்டைக்குள் புகுந்தபோது கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வாழையும் ஒரே காலையில் சாய்ந்தன. அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக 1,100 கொடுத்தது. ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொய் விருந்துக்கும் அன்றைக்குத்தான் சோதனை. கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். வெளியூர் மழை நாளில் உள்ளூரிலிருந்து அங்கேயும், உள்ளூர்ப் புயலில் வெளியூரிலிருந்து இங்கேயும் பணம் நகர வேண்டும் என்பதற்காகத்தான் காப்பீடு என்ற ஏற்பாடே இருக்கிறது.

அலமேலு உறுப்பினராக இருந்த ஆண்டுகளில் ஆணையம் எடுத்த சில முடிவுகள் சாதாரணக் குடும்பங்களைத் தொட்டன. மருத்துவக் காப்பீட்டில் எதையெல்லாம் விலக்கலாம் என்று நிறுவனத்துக்கு ஒரு வாசகம் இருந்ததை 2019இல் ஒழுங்குபடுத்தினார்கள். 2020 ஏப்ரலில் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ என்ற ஒரே மாதிரிப் பாலிசியை எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்றார்கள். அந்த ஜூலையில், ஊரடங்குக்கு நடுவே, ‘கொரோனா கவச்’ பாலிசி வந்தது. ஆணையத்தின் கூட்டு முடிவுகள் இவை. தனி ஒருவர் கணக்கில் எழுதக் கூடாது. ஆனாலும் 4பி காலத்தோடு ஒப்பிட்டால் திசை மாறியிருப்பது தெரிகிறது. அன்றைய விதி, கோருபவரைச் சந்தேகித்து வாசகத்தைக் கூட்டியது. இன்றைய விதி, விற்பவரைச் சந்தேகித்து வாசகத்தைக் குறைக்கிறது.

களத்திலும் பெண்களை முன்னிறுத்தும் திட்டங்கள் இப்போது வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு ‘பீமா வாஹக்’, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை, என்று ஆணையம் 2023இல் வழிகாட்டியது. 2024 டிசம்பரில் எல்.ஐ.சி.யின் ‘பீமா சகி’ வந்தது: பத்தாம் வகுப்புப் படித்த, 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்களுக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி; முதல் ஆண்டு மாதம் 7,000 ரூபாய், பிறகு 6,000, பிறகு 5,000. புதுக்கோட்டையில் ஏறத்தாழ ஐந்நூறு ஊராட்சிகள். அறிவொளியில் சைக்கிள் கற்றவர்களின் மகள்களும் பேத்திகளும் இதில் சேரத் தகுதி உள்ளவர்கள். விற்கக் கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல், இழப்பீடு வாங்கித் தரவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால்தான் பாலிசிக்கு மரியாதை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 2000 முதல் வந்த தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். அது மாறும் வரை காத்திருக்காமல் வாசகர் செய்யக்கூடியது உண்டு. ஆயுள், மருத்துவம், வாகனம் எதுவானாலும் இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓர் ஆண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் தீர்ப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற இலவச எண்ணும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர் குழுவும் இருக்கின்றன. வீட்டில் கணவர் புதிதாக ஆயுள் காப்பீடு எடுக்கிறார் என்றால், விண்ணப்பத்திலேயே திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். பாலிசி வெளியான பிறகு அதைச் சேர்க்க முடியாது.